பூமி எதன்மேல் நிற்கிறது?

செப்டம்பர் 14, ஞாயிறு

திருச்சிலுவைத் திருவிழா. முதல் பூசைக்குப் போனேன். தெக்லா எனக்கு இடம் பிடித்து வைக்கவில்லை.

மாதா பீடத்துப் பக்கம் மூன்றாவது பெஞ்சு எங்களுடையது. கான்வென்ட் ஹாஸ்டலில் பாவாடை கட்டிக்கொண்டு திரிந்த காலத்திலிருந்து அப்படித்தான். யார் முதலில் வந்தாலும் கைப்பையைப் பக்கத்தில் வைத்து இடம் பிடிப்போம். இன்று தெக்லா இருந்தாள், அவள் பக்கத்தில் கிளாரிஸ் இருந்தாள், என் இடத்தில் கிளாரிஸின் கைப்பை இருந்தது. ஒரு கோழியை உள்ளே வைத்து மூடலாம், அவ்வளவு பெரிய பை. நான் பின்னால் போய் தூணுக்குப் பின்புறம் உட்கார்ந்து பூசை கண்டேன். பீடம் தெரியவில்லை. கிளாரிஸின் கொண்டை நன்றாகத் தெரிந்தது.

இந்தக் கிளாரிஸ் மஸ்கட்டிலிருந்து வந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. புருஷன் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறான். பெரிய மாடி வீட்டில் தனியாக இருக்கிறாள். வந்த வேகத்தில் எல்லோருக்கும் அக்கா, அம்மா என்று உறவு கொண்டாடி ஒட்டிக்கொண்டாள். வியாழக்கிழமை தோறும் வீட்டில் விவிலிய வகுப்பு வேறு நடத்துகிறாளாம். இந்தக் கோயில் பங்கில் பெரியவர்களுக்கு விவிலிய வகுப்பு எடுப்பது யார் என்று அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

பூசை முடிந்து எதிர் டீக்கடைக்கு நான் போகவில்லை. தெக்லாவின் வீட்டுக்காரர் செலஸ்டின் இருந்தவரை பூசை முடிந்த கையோடு "மூணு டீ" என்று கடைக்காரரிடம் குரல் கொடுத்துவிடுவார். எனக்கு டீ வேண்டுமா என்று ஒருநாளும் கேட்டதில்லை. ரயில்வே ஒர்க்‌ஷாப் ஃபிட்டர், எல்லாவற்றிலும் அவர் வைத்ததுதான் அளவு. சினிமாவுக்கு மூன்று டிக்கெட், வேளாங்கண்ணிக்கு மூன்று சீட்டு. நானும் தெக்லாவும் தனியாக ஒரு வார்த்தை பேச வழி கிடையாது. பிப்ரவரியில் இறந்துபோனார். ஆண்டவர் அவருக்கு நித்திய இளைப்பாற்றியைத் தருவாராக.

இதைப் பொறாமையால் எழுதவில்லை. பெஞ்சில் இடம் பிடிப்பது பங்கு ஒழுங்கு சம்பந்தப்பட்டது.

செப்டம்பர் 16, செவ்வாய்

இட்லிக்கு ஊறப்போட்டேன். மோட்டார் மறுபடி சத்தம் போடுகிறது. தெக்லாவுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. திரும்ப அழைப்பாள் என்று மாவு ஆட்டும்போதுகூடப் போனைப் பக்கத்தில் வைத்திருந்தேன்.

செப்டம்பர் 18, வியாழன்

கிளாரிஸ் வீட்டு வகுப்புக்குப் போனேன். என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது என் கடமை. முப்பது வருடம் மூன்றாம் வகுப்பு டீச்சராக இருந்தவள், ஓய்வு பெற்ற பிறகும் மறைக்கல்வி எடுப்பவள், பேசாமல் இருக்க முடியுமா?

கூடத்தில் சுவர் அகலத்துக்கு ஒரு டிவி. பத்துப் பன்னிரண்டு பெண்கள். நடுவில் நல்ல சோபாவில் தெக்லா, முழங்காலுக்குக் கீழே தலையணை. கிளாரிஸ் அவள் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்து தைலம் தேய்த்துக்கொண்டே வகுப்பு எடுத்தாள். வகுப்பு எடுக்கிற லட்சணமா இது?

டிவியில் ஒரு படம் ஓடியது. பூமி ஒரு பெரிய தட்டாம். ஓரங்களில் பனிச்சுவராம். கீழே தூண்களாம். மேலே கவிழ்த்த கிண்ணம் மாதிரி வானம், அதற்கு நேர் மேலே மோட்சமாம். உருண்டை என்று சொன்னவர்கள் எல்லோரும் நம்மை வேதத்தை விட்டு விலக்க வந்தவர்களாம். பிறகு கிளாரிஸ் வேதத்தைத் திறந்து படித்தாள். தொடக்க நூலில் வானத்து விரிவு, திருப்பாடலில் தூண்கள், திருவெளிப்பாட்டில் பூமியின் நான்கு மூலையிலும் நிற்கிற வானதூதர்கள்.

"உருண்டைக்கு ஏதுக்கா மூலை? வேதம் பொய் சொல்லுமா?" என்றாள்.

நான் எழுந்தேன். "நம்ம கோயில்ல குழந்தை இயேசு சுரூபம் இருக்குல்ல, கையில என்ன வச்சிருக்காரு? தட்டா? உருண்டைதானே! அமலோற்பவ மாதா எதும்மேல நிக்கிறாங்க? மணைப்பலகை மேலயா?" என்றேன்.

நல்ல அடி என்றுதான் நினைத்தேன். கிளாரிஸ் பதறவே இல்லை. "அது பூமி இல்ல டீச்சர். வானத்துக்கு மூடி. அதனாலதான் மேல சிலுவை இருக்கு" என்றாள். நான்கு பேர் தலையாட்டினார்கள். பதிலுக்கு நான் வாயைத் திறந்தேன்.

"குறுக்க பேசாத பிரிஜித்தா. அவ சொல்லட்டும்" என்றாள் தெக்லா.

ஐம்பது வருடப் பழக்கத்தில் அவள் என்னைப் பார்த்து அப்படிச் சொன்னதில்லை. கேக் கொடுத்தார்கள். தின்றேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

வயிறு சரியில்லை. கேக்தான் காரணம்.

செப்டம்பர் 22, திங்கள்

பங்குத்தந்தை ஃபாதர் காஸ்மீரைப் பார்த்தேன். வேதத்துக்கு விரோதமான தப்பறை பரவுகிறது, அந்த வகுப்பை நிறுத்தச் சொல்லிப் பூசையில் அறிவிக்க வேண்டும் என்றேன். அவர் வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"டீச்சர், நம்ம திருச்சபை பூமி தட்டைன்னு விசுவாச சத்தியமா எப்பவும் சொன்னது கிடையாது. ஆதி காலத்துல ஒண்ணு ரெண்டு பேரு அப்படி எழுதினாங்கதான். அவங்க பேச்சு எடுபடல. படிச்ச ஆயர்களுக்கு உருண்டைன்னு தெரியும். ஆயிரத்து அறுநூறு வருஷம் முந்தியே ஒரு பெரிய புனிதர் எச்சரிச்சிருக்காரு. வானம், நட்சத்திரம் பத்தி வெளியாளுங்களுக்கே நல்லா தெரிஞ்ச விஷயத்துல, வேதத்தைக் காட்டி நாம தப்பா உளறினா, நாம மோட்சத்தைப் பத்திச் சொல்றதை அப்புறம் எவன் நம்புவான்னு கேட்டிருக்காரு."

"அப்ப தூண், மூலை எல்லாம்?"

சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைக் காட்டினார். "சூரிய உதயம்னு அச்சடிச்சிருக்கான் பாருங்க. சூரியன் நின்ன இடத்துலதான் நிக்குது, நாமதான் சுத்துறோம். அதுக்காக காலண்டர்காரன் பொய்யனா? கண்ணுக்குத் தெரியற மாதிரி பேசுறான். வேதம் எழுதினவங்களும் அவங்க காலத்து ஜனங்க பாத்த மாதிரிதான் வானத்தையும் பூமியையும் சொன்னாங்க. பாட்டை பாட்டா படிக்கணும், வரலாற்றை வரலாறா படிக்கணும். நம்ம மீட்புக்குத் தேவையான உண்மையைச் சொல்றதுல வேதம் தவறாது. பூமியோட வடிவம் அந்தக் கணக்குல வராது. வீடு என்ன ஷேப்புன்னு சொல்ல அது வரல. கட்டினவர் யாரு, அதுல நம்மளை எதுக்குக் குடி வச்சாருன்னு சொல்ல வந்துச்சு."

ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு வெல்லமாக இருந்தது. "இதையே ஞாயித்துக்கிழமை கிளாரிஸ் பேரைச் சொல்லி அறிவிச்சிடுங்க ஃபாதர்" என்றேன்.

"பேரைச் சொல்லித் தடை போட்டா பன்னெண்டு பேரு அம்பது பேராவாங்க. நீங்க போய் அவங்ககூட உக்காருங்க. மெதுவா பேசுங்க." அப்புறம் என் முகத்தையே பார்த்தார். "டீச்சர், உங்களுக்குப் பூமி தட்டையா இருக்கிறது பிரச்சனையா, இல்ல..."

கரண்ட் பில் கட்ட வேண்டிய ஞாபகம் வந்து எழுந்துவிட்டேன்.

செப்டம்பர் 27, சனி

தெக்லா வீட்டுக்குப் போனேன். மொட்டை மாடியில் வடகம் பிழிந்துகொண்டிருந்தாள். படியேற முழங்கால் விடாது என்று ஆறு மாதமாக மாடிப் பக்கமே போகாதிருந்தவள்.

"யாரு உன்னை ஏறச் சொன்னது?" என்றேன்.

"தினம் ஏறுறேன்டி. கிளாரிஸ் தேய்ச்சு விட்டதுல கால் தேவலாம்." வானத்தை அண்ணாந்து பார்த்தாள். "இங்க வந்து உக்காந்தா ரொம்பக் கிட்டக்க இருக்கிற மாதிரி இருக்கு."

எது கிட்டக்க என்று கேட்டேன். வடகத்தைப் பார்த்துக்கொண்டு சிரித்தாள். பழைய சிரிப்பு. பிப்ரவரிக்குப் பிறகு நான் அதைப் பார்க்கவில்லை. எத்தனை முறை சாப்பாடு கட்டிக்கொண்டு போனேன், எத்தனை நாள் கூடவே படுத்திருந்தேன், எனக்கு அந்தச் சிரிப்பு வரவில்லை. ஒரு தைலப் புட்டிக்கு வந்துவிட்டது.

வடகத்தில் உப்பு அதிகம். சொல்லவில்லை.

அக்டோபர் 1, புதன்

ஜெபமாலை மாதம் தொடக்கம். ஃபாதர் விவிலிய வினாடி வினா அறிவித்தார். பங்கில் தெருவுக்கு ஓர் அன்பியக் குழு, ஒவ்வொரு அன்பியத்துக்கும் இரண்டு பேர். எங்கள் தெரு அன்பியத்துக்கு எப்போதும் நானும் தெக்லாவும்தான். வருடா வருடம் கோப்பை எங்களுக்குத்தான், என் அலமாரியில் இடமில்லாமல் இரண்டை அவள் வீட்டில் வைத்திருக்கிறோம்.

கோயில் வாசலில் தெக்லா கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "இந்த வருஷம் கிளாரிஸோட சேர்ந்துக்கறேன்டி. அவளுக்கு ஆசையா இருக்கு. நீதான் நிறைய ஜெயிச்சிட்டியே."

நீ ஜெயிச்சிட்டியே என்றாள். நாம என்று சொல்லவில்லை. நான் மட்டுமா ஜெயித்தேன்?

வீட்டுக்கு வந்து அலமாரியைத் துடைத்தேன். வயிறு எரிந்தது. எரிந்தது என்றே எழுதிவிடுகிறேன், கேக் எதுவும் தின்னவில்லை.

அக்டோபர் 2, வியாழன்

ஃபாதரிடம் போய், இந்த வருடம் போட்டியிலிருந்து விலகிக்கொண்டு கேள்விகளை நானே தயாரித்து நானே கேட்கிறேன் என்றேன். புதியவர்களுக்கு வாய்ப்புக் கொடுக்க வேண்டும் அல்லவா? அவர் சந்தோஷப்பட்டார். எனக்கும் மனது லேசானது.

அக்டோபர் 7, செவ்வாய்

ஜெபமாலை மாதா திருநாள். வீடு வீடாகப் போகும் மாதா சுரூபம் இன்று தெக்லா வீட்டுக்கு வந்தது. கிளாரிஸ்தான் வாசலில் நின்று எல்லோரையும் "வாங்க, வாங்க" என்றாள். யார் வீடு, யார் வரவேற்பது? செலஸ்டின் படத்துக்குப் புது மாலை போட்டிருந்தது. அந்த மாலையும் அவள் வாங்கியதாம்.

ஜெபமாலை முடிந்து சுண்டல் கொடுக்கும்போது பேச்சு மறுபடி கிளம்பியது. இந்த முறை நான் தயாராக இருந்தேன். ஃபாதர் சொன்ன காலண்டர், பாட்டைப் பாட்டாகப் படிப்பது, பழைய புனிதரின் எச்சரிக்கை, எல்லாவற்றையும் அடுக்கினேன். கிளாரிஸ் திணறினாள். "இருந்தாலும் மோட்சம் மேலதானே டீச்சர்? ஆண்டவர் மேலதானே எழுந்து போனாரு?" என்று மட்டும் கேட்டாள்.

அங்கே நிறுத்தியிருக்கலாம். "எந்த மேல? இங்க மேலன்னா அமெரிக்காவுல அது கீழ. உருண்டைக்கு மேல கீழ ஏது? அந்தப் பக்கம் போகப் போகக் காத்து கிடையாது, சத்தம் கிடையாது. ஒரே இருட்டு, ஒரே குளிரு. முடிவே கிடையாது. மூணாங் கிளாஸ் பிள்ளைக்குத் தெரியும்" என்றேன்.

கிளாரிஸ் வாயை மூடிக்கொண்டாள். முதல் தடவை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தெக்லாவின் கையிலிருந்து சுண்டல் தட்டு சாய்ந்தது. அவள் செலஸ்டின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலை சுற்றுகிறது என்று சொல்லி உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். வெறும் வயிற்றில் இருந்திருப்பாள்.

நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

அக்டோபர் 9, வியாழன்

தெக்லா மாடிக்கு ஏறுவதில்லையாம். பால்காரர் சொன்னார். மழைக்காலம், வழுக்கும். நல்லதுதான்.

அக்டோபர் 12, ஞாயிறு

கேள்விகள் எழுதி முடித்தேன். கடைசிச் சுற்றுக்கு ஒன்று வைத்திருக்கிறேன்: மண்ணுலகம் எதன்மேல் நிற்கிறது?

விடை: எதன்மேலும் இல்லை. யோபு நூலில் இருக்கிறது, கடவுள் உலகை வெறுமையில் தொங்கவிடுகிறார் என்று. கிளாரிஸ் கட்டாயம் தூண் என்பாள். தவறு என்று நான் மைக்கில் சொல்வேன். பிறகு யோபுவைத் திறந்து எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவேன். வேதத்தை வைத்தே வேதக்காரியை மடக்குவது.

இந்தப் போட்டியில் ஒரு கேள்விக்கு ஒரே விடைதான். விடைத்தாளில் இருப்பதுதான் சரி. அந்த விதியை எழுதியவளும் நான்தான்.

அக்டோபர் 19, ஞாயிறு

பங்கு மண்டபத்தில் இரண்டாம் பூசைக்குப் பிறகு போட்டி. கூட்டம் நன்றாக வந்திருந்தது. நான் அரக்குப் பட்டு கட்டியிருந்தேன். தெக்லா இளைத்திருந்தாள். கிளாரிஸ் அவளுக்குப் பிளாஸ்கில் கஞ்சி கொண்டுவந்திருந்தாள்.

கடைசிச் சுற்றில் தெக்லா, கிளாரிஸ் அணியும் கீழத்தெரு அணியும் சமநிலையில் இருந்தன. சீட்டுக் குலுக்கி அணிக்கு ஒருவர் மட்டும் பதில் சொல்ல வேண்டும். கிளாரிஸ் பெயர் வரும் என்று நான் ஏன் அவ்வளவு நிச்சயமாக இருந்தேனோ தெரியவில்லை. தெக்லா பெயர் வந்தது. கேள்வியை மாற்றியிருக்கலாம். உறையில் வேறு இரண்டு கேள்விகள் இருந்தன.

"மண்ணுலகம் எதன்மேல் நிற்கிறது?" என்று கேட்டேன்.

தெக்லா கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். "தூண்கள்மேல். திருப்பாடல் எழுபத்தைந்து. அதன் தூண்களை நிலைநிறுத்துகிறவர் ஆண்டவர்."

அவள் சொன்ன ராகம் என் ராகம். அந்தத் திருப்பாடலை அவளுக்கு மனப்பாடம் செய்வித்தவள் நான். பல வருடம் முன் இதே மண்டபத்துக்குப் பின்னால் புங்கை மரத்தடியில், அவள் மறந்து மறந்து சிரிக்க, நான் திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுத்தது.

"தவறு" என்றேன்.

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். கோபமில்லை. ஒன்றுமே இல்லை அந்தப் பார்வையில்.

கிளாரிஸ் வேதத்தோடு மேடைக்கு ஓடி வந்தாள். "எப்படி டீச்சர் தப்பாகும்? இதோ இருக்கே!" நான் யோபுவைக் காட்டினேன். அவள் திருப்பாடலைக் காட்டினாள். கூட்டம் சலசலத்தது. ஃபாதர் காஸ்மீர் வந்து இரண்டு புத்தகத்தையும் வாங்கிப் பார்த்தார். சிரித்தார்.

"ரெண்டும் இருக்கு. மூணாவதும் ஒண்ணு இருக்கு, திருப்பாடல் இருபத்துநாலுல. கடல்மேல அடித்தளம் போட்டாருன்னு. ஒரே வேதத்துல மூணு பதில். தூண், கடல், ஒண்ணுமில்ல. இதை எல்லாம் ஒண்ணாக் கட்டி வச்சவங்களுக்கு இது ஒண்ணோட ஒண்ணு ஒட்டாதுன்னு தெரியாதா? தெரியும். ஏன்னா அவங்க யாரும் பூமிக்கு அளவு எடுக்கல. விழாம தாங்குறதுக்கு ஒரு கை இருக்குன்னு சொல்றாங்க. ஒருத்தர் அதைத் தூண்னு பாடினாரு, ஒருத்தர் ஒண்ணுமில்லாததுல தொங்குதேன்னு ஆச்சரியப்பட்டாரு. பூமி உருண்டைதான், அதுல சந்தேகம் வேணாம் கிளாரிஸம்மா. ஆனா தெக்லாம்மா சொன்ன பதிலுக்கு முழு மார்க்கு." பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவாகத்தான், ஆனால் மைக் திறந்திருந்தது: "கேள்விதான் தப்பு டீச்சர்."

கை தட்டினார்கள். கோப்பை அவர்களுக்கு. தட்டி முடியும் முன்பே தெக்லா தன் கையிலிருந்த மைக்கில் பேசினாள்.

"ஃபாதர், அப்ப மேல மோட்சம் இல்லையா? எங்க வீட்டுக்காரரு எங்க இருக்காரு?"

மைக்கை விடாமல் மேலே சொன்னாள். "வானத்துக்கு அந்தாண்டைதான் மோட்சம்னு இவ சொன்னதும் எனக்கு ஆறுதலா இருந்துச்சு. மாடில நின்னா ஒரு கூப்பிடு தூரம்தான்னு இருந்தேன். பிரிஜித்தா சொல்லுது, அங்க இருட்டு, குளிருன்னு. அவருக்குக் குளிரு ஆகாது ஃபாதர்."

ஃபாதர் அவள் பக்கம் வந்தார். "கடவுள்கிட்ட இருக்காரும்மா. அது இருட்டும் இல்ல, குளிரும் இல்ல. அந்த இடத்தைக் கை நீட்டிக் காட்டுன்னா எனக்கும் தெரியாது" என்றார்.

தெக்லா தலையாட்டினாள். கோப்பையை மேசையிலேயே வைத்துவிட்டு, கிளாரிஸின் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள்.

நான் நாற்காலிகளை அடுக்கினேன். பட்டுப்புடவையோடு அத்தனையையும் அடுக்கினேன். கிட்டக்க என்று அவள் மாடியில் சொன்னது எதை என்று இப்போதுதான் புரிந்தது, அடுக்கி முடித்த பிறகும் அது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. பக்கத்து வீட்டிலிருந்து அதிரசம் வந்தது. நல்ல அதிரசம். பாதியை எடுத்து வைத்தேன், தெக்லாவுக்குப் பிடிக்கும் என்று. எறும்பு வந்துவிட்டது.

அக்டோபர் 26, ஞாயிறு

மூன்றாவது பெஞ்சில் இடம் இருந்தது. நான் தூணுக்குப் பின்னாலேயே உட்கார்ந்தேன்.

நவம்பர் 1, சனி

நாளை கல்லறைத் திருநாள். அப்பா அம்மா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் பிடித்துக்கொண்டு போனேன். மழையில் புல் மண்டிக் கிடந்தது. நான்கு கல்லறை தள்ளி செலஸ்டினுடையது. புதிதாகக் கிரானைட் வைத்திருக்கிறார்கள். அடிப்பக்கம் சேறு தெறித்திருந்தது. என் முந்தானையால் துடைத்தேன். ஏன் என்று கேட்டால் தெரியாது.

"உமக்கென்ன, செத்தும் ஜெயிக்கிறீர்" என்றேன் அவரிடம். சுண்ணாம்பு அடிக்கிறவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

முப்பது வருடம் அவர் எப்போது வெளியூர் போவார் என்று காத்திருந்தேன். போகவே மாட்டார். பிப்ரவரியில் மண் தள்ளும்போது தெக்லா என் தோளில் சாய்ந்தாள். இனிமேல் இப்படித்தான் என்று அப்போது எனக்கு ஓர் எண்ணம் வந்தது. அதை இங்கே விரிவாக எழுதப்போவதில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

சாயங்காலம் கல்லறைத் தோட்டம். எங்கு பார்த்தாலும் செவ்வந்தி, சாம்பிராணிப் புகை, மெழுகுவர்த்தி. காற்று அடித்துக்கொண்டே இருந்தது. அப்பா அம்மாவுக்கு ஏற்றி வைத்து ஜெபித்துவிட்டு, தெக்லா பக்கம் பார்க்காமல் கிளம்பிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். பார்த்துவிட்டேன். அவள் கிரானைட் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். கிளாரிஸ் குனிந்து தீப்பெட்டியை உரசிக்கொண்டிருந்தாள். ஏற்ற ஏற்ற அணைந்தது. அவளுக்கு இந்த ஊரில் ஒரு கல்லறைகூடக் கிடையாது, யார் வீட்டுக்காரருக்கோ முட்டி போட்டுக்கொண்டிருந்தாள்.

போனேன். காற்று வரும் பக்கம் முந்தானையை விரித்துப் பிடித்தேன். கிளாரிஸ் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி உரசி ஏற்றினாள். நின்று எரிந்தது.

தெக்லா என்னிடம் பேசமாட்டாள் என்று நினைத்தேன். பேசினாள். "நீ சொல்லு பிரிஜித்தா. ஃபாதருக்கும் தெரியலேங்குறாரு. நீ நிறைய படிச்சவ. அவரு எங்கடி?"

என்னிடம் எல்லாக் கேள்விக்கும் அதிகாரம், வசனத்தோடு பதில் இருக்கும்.

"தெரியலடி" என்றேன். "இருட்டு, குளிருன்னு நான் சொன்னது அவளை மடக்கணும்னு சொன்னது. அங்க போய்ப் பாத்தேனா நான்? எனக்கு நிச்சயமாத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு. இருந்தவரைக்கும் உன் பக்கத்துலயே இருந்தாரு. நான் எப்ப வந்தாலும் இருந்தாரு. உன் பக்கத்துல எனக்கு இடமே இல்லையேன்னு எரிச்சலா வரும். அவ்வளவு கிட்டக்க இருந்தாரு. அது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

சொல்லிவிட்டு, ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது. கிளாரிஸ் தீப்பெட்டியை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"அது அவருக்குத் தெரியும்" என்றாள் தெக்லா.

"எது?"

"உனக்கு எரிச்சல்ங்கறது. 'என்னைப் பாத்தா உன் கூட்டாளி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குது. நாம ரெண்டு பேரு மட்டும் போனா அதுக்கு மனசு விட்டுப்போகும். அதையும் கூப்பிடு, அது வேணாம்னு சொல்றதுக்குள்ள நான் டிக்கெட் எடுத்துடறேன்'னு சொல்வாரு. கேட்டா நீ வரமாட்டேன்னுவ. அதனாலதான் கேக்கவே மாட்டாரு."

மூன்று டிக்கெட். மூன்று சீட்டு. நான் அந்த மனிதர் பெயரைப் படித்துக்கொண்டு நின்றேன். பிறகு அழுதேன். தெக்லாவின் புருஷனுக்காக நான் அழுதது அதுதான் முதல் தடவை. சவ அடக்கத்தில் அழுததெல்லாம் வேறு.

ஃபாதர் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். எங்கள் மேலும் விழுந்தது.

வெளியே வரும்போது தெக்லா நடுவில், இந்தப் பக்கம் கை என்னிடம், அந்தப் பக்கம் கை கிளாரிஸிடம். வாசலில் கிளாரிஸ் கையை விட்டுவிட்டாள். "நான் போறேன்க்கா. நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருங்க" என்றாள். பிறகு என்னிடம், தலையைக் குனிந்துகொண்டு, "டீச்சர், அந்த யோபு எந்த அதிகாரம்?"

"இருபத்தாறு" என்றேன். அவள் திரும்பி நடந்தாள். அந்தப் பெரிய பை தோளில் ஆடியது. வீட்டில் யாரும் கிடையாது, டிவி மட்டும் இருக்கும். அவள் போய்விட்டால் தெக்லாவும் நானும்தான். இத்தனை வருடமாக நான் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான்.

டீக்கடை திறந்திருந்தது. யாரையும் கேட்காமல் குரல் கொடுத்தேன்.

"மூணு டீ."

கிளாரிஸ் நின்று திரும்பினாள். வந்தாள். தனக்குச் சர்க்கரை வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொன்னாள். அதிலும் ஒரு பெருமை அவளுக்கு.